எனக்கென்று வைத்திருந்த பேர்

என் அம்மா எனக்கென்று ஒரு பேர் வைத்திருந்தாள். நான் பிறந்தபோது அப்பா குறுக்கே விழுந்து, தோட்டத்துக் கோயில் சாமியின் பேரை எனக்கு வைத்துவிட்டார். அம்மாவின் பேர் அவள் வாயிலேயே தங்கிவிட்டது. ஒரு தங்கச்சி பிறந்தால் அதற்குத்தான் அந்தப் பேர் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தங்கச்சி பிறக்கவில்லை. கடைசியில் அந்தப் பேர் வேறொருத்திக்குப் போய்ச் சேர்ந்தது. அது என்ன பேர் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாங்கிக்கொண்டவளுக்குத் தலைக்கனம் இன்னும் கூடும். இப்போதே அவளுக்கு அது கொஞ்சநஞ்சமில்லை.

அவளும் நானும் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் அவளை ஆண்பிள்ளைகள் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருந்தது, வரவு கூப்பிடுகிற இடாப்பிலும் ஆண்பிள்ளைப் பேர்தான். திருநங்கை என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் வந்து சேர்ந்திருந்த சொற்களை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குடம் வைத்துக் காத்திருந்த ஒரு நாள் அவளே என்னிடம் சொன்னாள்.

"நான் பொம்பளப் புள்ளதான். மத்தவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் பாவாடையை என்னைவிட அழகாக மடித்து வைக்கிறவள் வேறு யாராக இருக்க முடியும்? அப்போதே ஒரு சின்ன எரிச்சல் மட்டும் இருந்தது.

அவளுடைய அம்மா நாங்கள் சின்ன வகுப்பில் இருந்தபோதே செத்துப்போனார். அவரும் என் அம்மாவும் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரொட்டி தட்டினால் முதல் ரொட்டி அவளுக்குப் போகும். சூடாக, ஓரம் கருகாமல் இருப்பது எப்போதும் முதல் ரொட்டிதான். நான் சொல்லப்போகிற வயிற்றெரிச்சல் அந்த ரொட்டியிலிருந்து தொடங்குகிறது.

உயர்தரப் பரீட்சை எழுதி இரண்டு பேரும் கம்பஸுக்கு எடுபட்டோம். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. அவளுடைய பெறுபேறு என்னுடையதைவிட நல்லது. அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவள் இல்லை, என் அம்மா.

கம்பஸுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்குப் பெண்கள் விடுதியில் இடம் கிடைக்காததால் பக்கத்தில் ஒரு சிங்கள வீட்டில் போடிங் எடுத்தேன். சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேசை. குடும்பம் மொத்தமும் ஒரே காம்பராவில் படுத்து எழும்பிய எனக்கு அது அரண்மனை. கதவைச் சாத்திவிட்டு, யாருடைய காலும் மேலே படாமல், கட்டிலில் குறுக்கே படுத்துக் கிடப்பேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு மட்டும் என்று ஒரு இடம் கிடைத்திருந்தது.

அவளுக்கு ஆண்கள் விடுதியில் இடம் கொடுத்தார்கள். அங்கே சீனியர்கள் அவளை என்ன செய்தார்கள் என்று அவள் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. ஒரு காலையில் சூட்கேஸோடு என் போடிங் கேட்டில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நான் தோட்டத்துக்கே போறேன் புள்ள. அப்பாகூட ரப்பர் வெட்டப் போயிர்றேன்."

"படிப்பு?"

"அங்க இருந்துக்கிட்டு படிக்க முடியாது."

பெண்கள் விடுதிக்குப் போய்க் கேட்டோம். இடாப்பில் ஆண் என்று இருக்கிறதே என்றார்கள். மாணவ ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். அவர் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவள் வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தாள். இவள் படிப்பை முடிப்பாளா, பாதியில் விட்டுப் போவாளா என்பதுதான் அன்றிலிருந்து எங்களுக்கு இருந்த ஒரே கவலை. அந்த வார இறுதியில் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கேட்டுவிட்டு, அரிசி புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஒன் ரூம்ல எடம் இருக்குல்ல?"

"இருக்கு..."

"அப்பறம் என்ன யோசன?"

எனக்கு யோசனை இருந்தது. அந்த ஜன்னலைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும்தான். அதை அம்மா கேட்கவில்லை.

போடிங் வீட்டு அம்மாவிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். குளியலறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வாளா என்று மட்டும் கேட்டார். அவள் வைத்துக்கொண்டாள். அதோடு நிற்காமல் முற்றத்தைக் கூட்டினாள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், அந்த அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். முதல் தவணை முடிவதற்குள் அந்த வீட்டில் அவள் 'துவே' ஆகிவிட்டாள். துவே என்றால் மகள். நான் அங்கே இருந்த காலம் பூராவும் வெறும் 'நங்கி', தங்கச்சியாகத்தான் இருந்தேன். அதுவும் வாடகை கேட்கிற நாட்களில்.

அந்த வருஷத் தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். அம்மா பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டையை உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு பேரு சொல்லுங்களேன். பழைய பேரக் கூப்புடுறப்ப எல்லாம் எனக்கு வேற யாரையோ கூப்புடுற மாதிரி இருக்கு."

அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வாயைத் திறந்தாள், அந்தப் பேரைச் சொன்னாள். எனக்கு வைத்திருந்த பேர்.

"அம்மா, அது என் பேரு."

"ஒனக்குத்தான் ஒன்னு இருக்கே" என்றாள்.

அவள் அந்தப் பேரை இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கண் கலங்கியது. நான் எழுந்து கோழியை விரட்டப் போனேன். அங்கே கோழி எதுவும் இல்லை.

கம்பஸில் அந்தப் பேரைப் பரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு விரிவுரையாளராகப் போய், இடாப்பில் இருக்கிற பேரைக் கூப்பிட வேண்டாம், இந்தப் பேரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் கூப்பிட்டார். பெண்கள் கழிப்பறைக்கு அவள் போகும்போது வாசலில் நான் காவல் நின்றேன். கண்டீனில் பையன்கள் சத்தம் போடுகிற மேசையைத் தாண்டிப் போகும்போது அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவள். எனக்கென்று வைத்திருந்த பேரை எனக்கே சம்பந்தமில்லாமல் ஊரெல்லாம் அறிமுகப்படுத்திக்கொண்டு நடந்தேன். வயிறு எரிந்தது. ஆனால் ஒருத்தனாவது அந்தப் பேரை நக்கலாகச் சொன்னால் அவன் சட்டையைப் பிடித்துவிடுவேன். அது நல்ல பேர், நக்கலுக்கு வைத்த பேர் இல்லை.

அம்மா அனுப்புகிற பார்சலில் சம்பல் இரண்டு போத்தலில் வரும். ஒன்று காரமானது. இன்னொன்றில் காரம் குறைவு, அவளுக்கு வயிறு எரியுமாம். எரிந்தது என் வயிறு என்பது தோட்டத்துக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் ஆனபோது எங்கள் அறை சேலை கட்டுகிற கடை மாதிரி ஆகிவிட்டது. கம்பஸில் பிரசென்டேஷன் என்றால் பெண்கள் சேலை, ஆண்கள் டை. முதல் தடவை சேலை கட்டுகிற பெண்கள் காலையிலேயே எங்கள் போடிங்குக்கு ஓடி வருவார்கள். அவள் பின்னை வாயில் கடித்துக்கொண்டு மடிப்பு எடுத்து விடுவாள். சிங்களப் பெண்களுக்கு அவர்கள் முறைச் சேலையான ஒசரியும் கட்டிவிடுவாள். ஆனால் தான் ஒரு நாளும் சேலை கட்டியதில்லை. நீளப் பாவாடையும் பிளவுஸும்தான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

கடைசி வருஷப் பிரசென்டேஷன் வந்தது. அது இல்லாமல் பட்டம் இல்லை. பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் அம்மா அவளைக் கூப்பிட்டு, இதுவரை நான் கண்டுகொள்ளவில்லை, இது வெளியிலிருந்து ஆட்கள் வருகிற நாள், இடாப்பில் உள்ளபடி டை கட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அவள் அறைக்கு வந்து புத்தகங்களைக் கட்டினாள்.

"டை கட்டிக்கிட்டு நிக்கிறது நான் இல்ல. நான் இல்லாத ஒரு ஆளுக்கு எதுக்குப் பட்டம்?"

"ஒரு நாள்தானே. அர மணி நேரம் டை கட்டுனா உசுரா போயிரும்?" என்றேன்.

அவள் கட்டிய புத்தகங்களைச் சூட்கேஸில் வைத்தாள். நான்கு வருஷப் படிப்பு ஒரு டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சொன்னால் கேட்பாள் என்று நினைத்து அவளைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மா டையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"சேல கட்டணும்னா மொதல்ல தண்ணி ஊத்தணும்ல. தண்ணி ஊத்தாம எந்தப் புள்ள சேல கட்டியிருக்கு நம்ம பக்கம்? அதான் இவ கட்டாமயே இருக்கா."

நான் திகைத்துப்போனேன். அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றப் பெண்களுக்கெல்லாம் சேலை கட்டிவிட்டுத் தான் கட்டாமல் இருந்ததற்கு, பெரியவளாகும்போது தண்ணி ஊற்றுகிற சடங்கு தனக்கு நடக்காததுதான் காரணம். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அதை என்னிடம் சொன்னதில்லை. என் அம்மாவுக்கு மட்டும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

எனக்குத் தண்ணி ஊற்றிய கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நான் பெரியவளானபோது இரத்தினபுரிப் பக்கம் மண்சரிவு, ரோட்டு அடைபட்டுக் கிடந்தது. என் தாய்மாமன் மாவனல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார், அவரால் வர முடியவில்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரர் நின்றார். மாமன் சேலைக்குப் பதில் அம்மாவின் பழைய சேலை. மழையில் விறகு ஈரமாகிப் புகை மண்டி, என் சடங்குக்கு வந்தவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டே போனார்கள். பிறகு மாமா எப்போது வந்தாலும், "ஒனக்கு ஒரு சேல எடுத்துக் குடுக்கணும் ஆயி" என்பார். "மயில் கழுத்து நெறத்துல எடுங்க மாமா" என்பேன். இது எங்களுக்குள் வருஷா வருஷம் நடக்கிற பேச்சு. சேலை வந்ததில்லை.

அம்மா ஓப்பநாயக்க டவுனில் பாய் கடையிலிருந்து மாமாவுக்கு டெலிபோன் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. யாருக்கு, ஏன் என்று நேராகச் சொன்னாள். அப்புறம் அம்மா, "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

"வருவாரு" என்றாள்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் தென்னோலை மறைப்புக் கட்டி விடியற்காலையில் தண்ணி ஊற்றினோம். அவளுடைய அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். என் அப்பா டவுனில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அம்மா முந்தின நாள் மலையில் கொழுந்து எடுக்கும்போதே பெண்களிடம் சொல்லி வைத்திருந்தாள். சிலர் தங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிலர் செம்போடு வந்தார்கள், ஒருத்தி மருதாணியும் அரைத்துக்கொண்டு வந்தாள். ஊற்றுகிறவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தது.

"நீ வா" என்றாள் அம்மா என்னைப் பார்த்து.

மற்றவர்கள் மஞ்சள் போட்ட வெந்நீரைப் பதமாக விளாவி ஊற்றினார்கள். நான் பீலியிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரைத் தூக்கி ஒரே வீச்சாக ஊற்றினேன். அவளுக்கு மூச்சு முட்டியது. பிறகு சிரித்தாள்.

"கோவத்துல ஊத்துறியா, ஆசையில ஊத்துறியா?"

"ரெண்டுலயுந்தான்."

மாமா காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார். முடி நரைத்திருந்தது. மேல்சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருந்தார். தட்டில் வைத்து நீட்டிய பார்சலை அம்மா பிரித்தாள். மயில் கழுத்து நிறம்.

நான் அதன் முந்தானையைத் தொட்டுப் பார்த்தேன்.

"மாமா, இது நான் கேட்ட கலரு."

மாமா சங்கடப்பட்டார். "நீ சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் கலர் ஒன்னுதான் ஆயி தெரியும். கடையில போயி நின்னா வேற எது கையில வரும்? ஒனக்குக் கல்யாணத்துக்கு எடுக்குறேன்."

அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மாமா காலில் விழுந்தாள். அழகாக இருந்தாள். எனக்கு அந்த நிறம் அவ்வளவு எடுத்திருக்காது என்று வந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள். அந்தப் பெண்ணோடு நான் அதற்குப் பிறகு பேசவில்லை.

பிரசென்டேஷன் அன்று மண்டப வாசலில் அந்த விரிவுரையாளர் அம்மா அவளைத் தடுத்தார்.

"நான் என்ன சொல்லியிருந்தேன்? இப்படி உள்ளே போக முடியாது."

அவள் திரும்பினாள். திரும்பி நடக்கவும் தொடங்கினாள். அந்தச் சேலை என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சிங்களத்தில் கத்தாத குறையாகப் பேசினேன்.

"மிஸ், இவளுக்குக் கொட்டஹலு செய்து, தண்ணி ஊற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். ஊற்றியது என் அம்மா. இந்தச் சேலையைக் கொண்டு வந்தது தாய்மாமன். என்னுடைய தாய்மாமன். எனக்குக்கூட அவர் கொண்டு வரவில்லை. இவள் பேர் எனக்கு வைத்திருந்த பேர். எல்லாவற்றையும் இவளுக்குக் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். இவ்வளவும் கொடுத்த பிறகு அது செல்லாது என்று நீங்கள் சொன்னால், நான் எதற்கு இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டிருந்தேன்?"

கொட்டஹலு சிங்களவர்கள் தங்கள் பெண்களுக்குச் செய்கிற சடங்கு, எங்கள் சடங்கைப் போலவே பானைத் தண்ணீரும் புது உடுப்பும் உண்டு. அந்த அம்மாவுக்கும் ஒரு காலத்தில் யாரோ ஊற்றியிருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உண்மையாகவே தண்ணி ஊற்றினார்களா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆமாம் மிஸ். இவள் ஊற்றியதுதான் ரொம்பக் குளிர்."

அந்த அம்மாவின் வாய் ஓரம் அசைந்தது. "தோளில் பின் கழன்றிருக்கிறது. சரியாகக் குத்திக்கொண்டு உள்ளே வா" என்றார்.

நான்தான் குத்திவிட்டேன். அவசரத்தில் என் விரலிலும் குத்திக்கொண்டேன். அவள் உள்ளே போய் நன்றாகப் பேசினாள், கை தட்டினார்கள். அதற்குப் பிறகு என் முறை. கோபத்தில் எல்லாம் மறந்துபோய், பாதியைத்தான் சொன்னேன். புள்ளி யாருக்குக் கூட வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போகலாம். அவளுக்கு வர ஆளில்லை. பட்டத்தைத் தபாலில் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மேடையில் பழைய பேரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா விடவில்லை.

"நான் ஒன் ஆளா வர்றேன். இவளுக்குத்தான் அப்பா இருக்காரு, மாமா இருக்காரு."

ஆக என் அம்மா அவளுடைய அம்மாவாக மண்டபத்துக்குள் போனாள். அம்மாவுக்குக் கிடைத்த இருக்கை நடுவில், நல்ல இடம். என் ஆட்களான அப்பாவுக்கும் மாமாவுக்கும் கிடைத்தது பின்னால், தூணுக்குப் பக்கத்தில்.

வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். மேலங்கிக்குக் கீழே மயில் கழுத்து நிறம் தெரிந்தது. ஒலிபெருக்கியில் பழைய பேரைக் கூப்பிட்டார்கள். சேலை கட்டிக்கொண்டு அவள் படியேறியதும் மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ சிரித்தார்கள். அவள் மேடையின் ஓரத்தில் நின்றுவிட்டாள்.

அப்போது நடு இருக்கையிலிருந்து அம்மா எழுந்து நின்று அவள் பேரைக் கூப்பிட்டாள். மலையில் ஒரு நிரையிலிருந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில், இழுத்து. பட்டம் கொடுக்கிற பெரியவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து போய்ப் பட்டத்தை வாங்கினாள்.

அடுத்து என் பேர். நான் வாங்கிக்கொண்டு அம்மாவைத் தேடினேன். அம்மா உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நான் மேடையைக் கடந்து போகும்வரை அவள் முகத்தை எடுக்கவில்லை.

வெளியே மரத்தடியில் எல்லாரும் கூடினோம். அம்மா என் கையில் இருந்த பட்டத்தைப் பார்த்தாள்.

"நீ எப்ப மேல போன?"

அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"எனக்குப் பின்னாலயே வந்தாம்மா. நான் கீழ எறங்காம நின்னு பாத்தேன்."